கணக்குக் கேட்டால் உலா கெடுமா?

இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளைப் பற்றி அந்நாட்டில் ஒரு கருத்து ஆழ வேரூன்றியிருக்கிறது. அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் தீயவர்களும் இல்லை, அறிவில்லாதவர்களும் இல்லை. ஆகவே அவர்கள் சொல்வதை முதலில் அவர்கள் பக்கம் நின்றே சொல்லிவிடுகிறேன்.

வாரம் முழுக்க உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய மாளிகைக்குப் போகிறார்கள். கட்டணம் கட்டியோ ஆண்டுச் சந்தா செலுத்தியோ உள்ளே நுழைகிறார்கள். புல்வெளியில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். பெரியவர்கள் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, மாளிகைக்குள் ஓவியங்களையும் கட்டில்களையும் பார்த்துவிட்டு, அங்குள்ள தேநீர்க்கடையில் டீயும் ஸ்கோனும் சாப்பிட்டு, பொழுது சாய வீடு திரும்புகிறார்கள். இந்த எளிய இன்பத்துக்கு நடுவில், இந்த வீடு அடிமை உழைப்பில் எழுந்தது, அந்த நகை வங்காளத்தில் பறித்த பணத்தில் வந்தது என்று எழுதி வைப்பது எதற்கு? ஓய்வுக்கு வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஏன்? அன்றைய மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா? கட்டடத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு அரசியல் எதற்கு? இதுதான் அவர்கள் வாதம்.

இத்தகைய மாளிகைகளில் பலவற்றைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் 2020 செப்டம்பரில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. தன் பொறுப்பில் இருக்கும் இடங்களில் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்புகளை அது பட்டியலிட்டது. உடனே இந்த வாதம் பெருங்குரலாக எழுந்தது. கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் கூட்டாகக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். மறு ஆண்டே டிரஸ்டின் போக்கை மாற்றுவதற்கென்று ரிஸ்டோர் டிரஸ்ட் என்ற அமைப்பு உருவாயிற்று. அறிக்கையின் தொகுப்பாசிரியர்களில் ஒருவரான பேராசிரியர் கொரின் ஃபவுலருக்கு மிரட்டல்கள் வந்தன.

இது ஆங்கிலேயர்களின் வீட்டுச் சண்டை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்த மாளிகைகளில் சிலவற்றின் கணக்கேடு சென்னையிலும் தஞ்சையிலும் தொடங்குகிறது. மேலும், லண்டனில் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் நம் பெற்றோர்கள் இந்த மாளிகைகளுக்குத்தான் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். "அழகா இருக்கு, நாலு படம் எடுத்தோமா வந்தோமான்னு இல்லாம பழசை எதுக்குக் கிளறணும்?" என்ற பேச்சு நம்மிடமும் உண்டு. இந்தக் கருத்து தவறானது. ஏன் தவறு என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. துயரம் கலந்தால் ஒருநாள் உலா கெட்டுவிடும் என்று யார் சொன்னது?

டெர்பிஷயரில் ஈயம் என்ற கிராமம் இருக்கிறது. 1665-ல் லண்டனிலிருந்து வந்த துணியோடு அங்கே பிளேக் நுழைந்தது. நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவாதிருக்க அந்த ஊர்க்காரர்கள் வில்லியம் மாம்பஸன் என்ற பாதிரியாரின் சொல்லை ஏற்று ஊர் எல்லையைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 260 பேர் செத்தார்கள். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துப் புதைக்கப்பட்டவர்களின் கல்லறைகளை இன்றும் குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நாட்டிங்ஹம்ஷயரின் சவுத்வெல்லில் 1824-ல் கட்டிய ஏழை விடுதி ஒன்றை நேஷனல் டிரஸ்ட் பாதுகாக்கிறது. வறுமையில் வந்து சேர்ந்தவர்களைக் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என்று பிரித்து வைத்த கட்டடம் அது. செஷயரில் 1784-ல் சாமுவேல் கிரெக் தொடங்கிய குவாரி பேங்க் பஞ்சாலையும் டிரஸ்டின் பொறுப்பில்தான் இருக்கிறது. ஏழை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் அங்கே வேலை செய்தார்கள். அவர்கள் தங்கியிருந்த வீட்டை இன்றும் காட்டுகிறார்கள். இரண்டு இடங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், மனம் கனத்து வெளியே வருகிறார்கள். உலா கெட்டது என்று யாரும் நாடாளுமன்றத்தில் புகார் சொன்னதில்லை.

ஆக, துயரம் அவர்களுக்குத் தடையாக இல்லை. யாருடைய துயரம் என்பதில்தான் வழக்கு. அதே குவாரி பேங்கில் நூற்புக்கு வந்த பருத்தியின் பெரும்பகுதியை விளைவித்தவர்கள் அடிமைகள். கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்காவில் தோட்டமும் இருந்தது, அடிமைகளும் இருந்தார்கள். இயந்திரத்தருகே நின்ற ஆங்கிலேயச் சிறுமியைப் பற்றிச் சொன்னால் அது வரலாறு, அந்த இயந்திரத்துக்குப் பருத்தியும் முதலீடும் வந்த தோட்டத்தில் நின்ற கறுப்பினச் சிறுமியைப் பற்றிச் சொன்னால் அது அரசியல் என்று பிரிப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஓய்வுதான் காரணம் என்றால் இரண்டையும் மறைக்கச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் மறைக்கச் சொல்பவர் ஓய்வைக் காக்கவில்லை.

2. மாளிகை வேறு, அதைக் கட்டிய பணம் வேறா?

எதிர்ப்பவர்களின் மைய வாதம் இதுதான். காலனி வரலாறு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய தாள், அதைக் கிழித்துவிட்டால் மாளிகை தன் இயல்பான அழகோடு நிற்கும் என்று நினைக்கிறார்கள். சில இடங்களைப் போய்ப் பார்ப்போம்.

டெவனில், எக்ஸிட்டர் நகருக்கு அருகே ஹால்டன் குன்றின்மேல் ஒரு வெள்ளை முக்கோணக் கோபுரம் நிற்கிறது. இன்று அங்கே திருமணங்கள் நடக்கின்றன, விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள், குறித்த நாட்களில் மேலேறிச் சுற்றுப்புறம் முழுவதையும் பார்க்கலாம். 1788-ல் அதைக் கட்டியவர் சர் ராபர்ட் பாக். டெவனில் எளிய குடும்பத்தில் பிறந்து, மதகுருவாகக் கப்பலேறி இந்தியா வந்து, குருத்துவத்தை விட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் உயர்ந்து, 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்தவர். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கும் பாக் நீரிணை அவர் பெயரால்தான் வழங்குகிறது. செல்வத்தோடு ஊர் திரும்பி ஹால்டனில் பெரும் பண்ணையை வாங்கினார். கோபுரத்துக்குள் ரோமானியத் தளபதியின் உடையில் ஒரு சிலை இருக்கிறது. அது மேஜர் ஜெனரல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். 1748-ல் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு வந்து, பிறகு திருச்சிராப்பள்ளிக்காக ஆண்டுக்கணக்கில் நடந்த போரில் கம்பெனிப் படையை நடத்தியவர். அவர் இறந்தபோது அவருடைய செல்வமும் பாக் குடும்பத்துக்கே வந்தது.

இப்போது சொல்லுங்கள். கடலூரையும் திருச்சியையும் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையையும் நீக்கிவிட்டு அந்தக் கோபுரத்தைப் பற்றி என்ன மிஞ்சும்? டெவன் குன்று ஒன்றின்மேல் ரோமானிய உடையில் ஒருவர் நிற்கிறார் என்பது மட்டும்தான். ஏன் நிற்கிறார் என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால் பதில் இருக்காது. இன்னொன்றும் உண்டு. பாக் எதையும் மறைக்கவில்லை. இந்தியாவில் நடந்ததை எல்லோரும் நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அதை ஊருக்கு மேலே, தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி எழுப்பினார். மறைக்கச் சொல்பவர்கள் அதைக் கட்டியவரின் விருப்பத்துக்கே மாறாகப் பேசுகிறார்கள்.

கிளாஸ்டர்ஷயரின் செசின்கோட் மாளிகையும் அப்படித்தான். காட்ஸ்வொல்ட்ஸ் பகுதியின் பசுமைக்கு நடுவே செம்புக் குவிமாடம், பாலத்தின்மேல் நந்திகள், தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு கோயில். வங்காளத்தில் கம்பெனி வேலையில் பொருளீட்டித் திரும்பிய சார்லஸ் காக்கரெல்லுக்காக அவருடைய சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் 1805 வாக்கில் வடிவமைத்தார். தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் தாமஸ் டேனியல். மதுரையையும் ராமேஸ்வரத்தையும் மாமல்லபுரத்தையும் நேரில் வந்து வரைந்த அதே டேனியல். இந்தியாவைப் பேசாமல் இந்த வீட்டை எப்படிக் காட்டுவது?

டெர்பிஷயரின் கெடில்ஸ்டன் மாளிகையைப் பார்த்துத்தான் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் மாளிகையை 1803-ல் கட்டி முடித்தார்கள். நூறாண்டு கழித்து அதே கெடில்ஸ்டனின் வாரிசான கர்சன் வைஸ்ராயாகப் போய் அந்தக் கல்கத்தா மாளிகையில் குடியிருந்தார். ஆசியாவில் தான் சேர்த்த பொருள்களைக் கெடில்ஸ்டனில் ஓர் அருங்காட்சியகமாக வைக்க ஏற்பாடு செய்தவரும் அவரே. 1903 தில்லி தர்பாருக்கு அவர் மனைவி உடுத்திய மயில்தோகை வேலைப்பாட்டு உடை இன்றும் அங்கே மக்கள் கூடி நின்று பார்க்கும் பொருள். அதில் இழைத்த பொன்னூலும் பச்சை வண்டின் இறகும் இந்தியக் கைவினைஞர்களின் வேலை.

இவை வெளிப்படையானவை. வெளிப்படையாகத் தெரியாதவைதான் அதிகம். பெர்க்ஷயரின் பேசில்டன் பார்க்கை 2005-ல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' திரைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். தேன் நிறக் கல்லில், தூண்கள் நிமிர்ந்த, முழுக்க முழுக்க ஆங்கிலேய அழகு. அந்தப் பண்ணையை 1771-ல் வாங்கி, பழைய வீட்டின் இடத்தில் இதைக் கட்டியவர் ஃபிரான்சிஸ் சைக்ஸ். முர்ஷிதாபாத் நவாபின் அரசவையில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்து வங்காளத்து வரி வசூலை மேற்பார்த்தவர். அவர் பண்ணை வாங்குவதற்கு முந்தைய ஆண்டில் வங்காளத்தில் பெரும் பஞ்சம். இந்த இரண்டு தேதிகளும் அருகருகே இருப்பதை வருகிறவர் அறிவதால் கல்லின் நிறம் மங்கிவிடாது. கண்ணில் படும் வடிவத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்று தெரியவரும், அவ்வளவுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு வீடு ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் இருக்கிறது. வுட்ஹால் பார்க். இப்போது பள்ளிக்கூடம். அதைக் கட்டிய தாமஸ் ரம்போல்டு 1778 முதல் 1780 வரை சென்னை கவர்னர். அவருக்குப் பிறகு அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். சென்னையில் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளத்தில் இருந்த கம்பெனி ஊழியர். ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து, ஈடாக ஊர்களின் வரி வருவாயை எழுதி வாங்கிக்கொண்ட கூட்டத்தில் முதன்மையானவர். 1773-ல் நவாப் தஞ்சையைப் பிடித்தார். 1776-ல் கவர்னர் பிகட் தஞ்சையை மராட்டிய மன்னருக்கே திருப்பிக் கொடுக்க முனைந்தபோது, தஞ்சையின் வரியிலும் வயலில் நின்ற பயிரிலும் தனக்கு ஏறத்தாழ 2,30,000 பவுண்டு பாக்கி இருப்பதாகப் பென்ஃபீல்ட் உரிமை கொண்டாடினார். அந்தத் தகராறு முற்றிக் கவர்னரையே அவருடைய கவுன்சில் கைது செய்தது. பிகட் காவலிலேயே இறந்தார். காவிரிக் கரையில் நாற்று நட்டவர்களின் விளைச்சல் எந்த வழியாக, யாருடைய கையெழுத்தில் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் புல்வெளி வரை போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடம் தேவையில்லை. மாளிகை வேறு, பணம் வேறு என்பவர் இந்தத் தடத்தை எந்த இடத்தில் வெட்டப் போகிறார்?

எல்லையைத் தாண்டி வேல்ஸுக்குள் கால் வைத்தால் போவிஸ் கோட்டை. ராபர்ட் கிளைவும் அவர் மகன் எட்வர்ட் கிளைவும் சேர்த்த 1,000-க்கும் மேற்பட்ட இந்தியப் பொருள்கள் அங்கே இருக்கின்றன, திப்பு சுல்தானின் அரியணையில் இருந்த பொன் புலித்தலை உட்பட. எட்வர்ட் கிளைவ் சென்னை கவர்னராக இருந்த காலம் 1798 முதல் 1803 வரை. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். இரண்டும் அவருடைய ஆட்சியில் நடந்தவை. தொங்கு தோட்டத்துக்குப் பேர்போன அந்தக் கோட்டைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

3. அன்றைய அளவுகோல் எது?

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள், இன்றைய நியாயத்தை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள் என்கிறார்கள். கேட்க நடுநிலையாக இருக்கிறது. உண்மையில் அந்தக் காலத்தைப் பற்றியே இது தவறான தகவல்.

கம்பெனிச் செல்வரைப் பழித்து சாமுவேல் ஃபூட் எழுதிய 'தி நேபாப்' நாடகம் லண்டனில் மேடையேறிய ஆண்டு 1772. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் ராபர்ட் கிளைவின் சொத்தைப் பற்றி விசாரித்தது. நாம் மேலே பார்த்த ரம்போல்டின் மீதே 1780-களின் தொடக்கத்தில் தண்டனை மசோதா கொண்டுவந்தார்கள். 1785-ல் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்திப் பென்ஃபீல்டைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினார். 1788 முதல் 1795 வரை வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பதவிக்குற்ற விசாரணை நடந்தது. அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்ற இயக்கம் 1791-லேயே ஆங்கிலேய வீடுகளுக்குள் போயிருந்தது.

இவர்கள் எல்லோரும் அந்தக் காலத்து மனிதர்கள்தான். இந்த மாளிகைகளின் பணம் எப்படி வந்தது என்று இன்று கேட்பவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. மாளிகைகளின் சுவர்களில் சுண்ணாம்பு உலர்வதற்குள்ளேயே எழுந்த கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதோடு, அடிமையாக விற்கப்பட்டவரும் வரிக்கு நெல்லைப் பறிகொடுத்தவரும் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் இல்லையா? அன்றைய அளவுகோல் என்று சொல்லும்போது அவர்கள் கையில் இருந்த கோலை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

4. இது ஆங்கிலேயரை அவமதிப்பதா?

எந்த ஆங்கிலேயரை என்று முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த அமைதியான நிலக்காட்சிக்கு விலை கொடுத்தவர்களில் ஆங்கிலேய ஏழைகளும் உண்டு. அவர்களுடைய கதையும் இதே மௌனத்துக்குள்தான் கிடக்கிறது.

டார்செட்டின் மில்ட்டன் ஆபஸுக்கு ஓலைக் கூரை வேய்ந்த வெள்ளை வீடுகளைப் படமெடுக்கச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். ஒரே அளவில், ஒரே சீரில், சாலையின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் வீடுகள். அந்த ஒழுங்கு எப்படி வந்தது? அங்கே ஒரு சந்தை ஊர் இருந்தது. தன் மாளிகையின் சன்னலிலிருந்து பார்த்தால் ஊர் தெரிகிறது என்று மில்ட்டன் பிரபு 1770-களில் தொடங்கி அந்த ஊரையே இடித்துத் தள்ளினார். நூறுக்கும் மேற்பட்ட வீடுகள், சத்திரங்கள், பள்ளிக்கூடம் எல்லாம் போயின. வீட்டைக் கொடுக்க மறுத்த ஒரு வழக்கறிஞரின் வாசலுக்கு மதகைத் திறந்து தண்ணீரை விட்டார். வழக்கறிஞர் நீதிமன்றம் போய் வென்றார். ஊர் திரும்பி வரவில்லை. கண்ணுக்கு எட்டாத பள்ளத்தில் கட்டிக் கொடுத்த புது வீடுகள்தான் இன்று படத்தில் வருபவை.

கெடில்ஸ்டனிலும் இதே கதை. மாளிகைக்கு முன் விரிந்த வெளி வேண்டும் என்பதற்காக அதைக் கட்டிய நத்தானியேல் கர்சன் கிராமத்தையும் நெடுஞ்சாலையையும் அகற்றி வேறிடத்துக்குத் தள்ளினார். பழைய ஊரில் மிஞ்சியது மாளிகையை ஒட்டி நிற்கும் தேவாலயம் மட்டுமே. இதன் பின்னணியில் இன்னும் பெரிய ஓர் அகற்றல் நடந்தது. 1604-க்கும் 1914-க்கும் இடையில் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறி, இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தனியார் வேலிக்குள் போயிற்று. மாடு மேய்த்த, சுள்ளி பொறுக்கிய, வாத்து வளர்த்த பொது நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பஞ்சாலைக்குப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அதே பூங்காவுக்குள் வருகிறார்கள். அவர்களிடம் இந்த நிலம் என்றுமே இப்படித்தான் இருந்தது என்று காட்டுவதுதான் அவமதிப்பு.

வெட்கப்பட வைக்கிறார்கள் என்ற புகாருக்கு யார்க்ஷயரின் ஹேர்வுட் மாளிகை நல்ல பதில். லாஸெல்ஸ் குடும்பம் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமை முறையிலும் ஈட்டிய பணத்தில் 1759-ல் கட்டத் தொடங்கிய வீடு. அடிமை முறை ஒழிந்தபோது அரசு உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அந்தக் குடும்பம் 1,277 மனிதர்களுக்காக 26,000 பவுண்டுக்கு மேல் பெற்றது. அந்த 1,277 பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைய ஹேர்வுட் பிரபு இதை மறைப்பதில்லை. நடிகர் டேவிட் ஹேர்வுட்டின் முன்னோர் அந்தக் குடும்பத்தின் அடிமைகள். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். அவருடைய உருவப்படத்தை 2023-ல் அந்த மாளிகைக்குள்ளேயே காட்சிக்கு வைத்தார்கள். மாளிகை இடிந்துவிடவில்லை, குடும்பம் குறைந்துவிடவில்லை, வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள்.

5. டிரஸ்டின் வேலை இதுவா?

ஆம், இதுதான். 1895-ல் ஆக்டேவியா ஹில்லும் ராபர்ட் ஹண்டரும் பாதிரியார் ரான்ஸ்லியும் தொடங்கிய இந்த அமைப்பை 1907-ன் சட்டம் நாட்டின் நலனுக்காக இடங்களைப் பாதுகாக்கப் பணித்தது. நாடு என்றால் பிரபு வம்சம் மட்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மாளிகைகள் பெருமளவில் டிரஸ்டுக்கு வரத் தொடங்கியதே 1937-ன் சட்டத்துக்குப் பிறகுதான். மரண வரியின் சுமை தாங்காத குடும்பங்கள் வீட்டைக் கொடுத்து, பலர் அங்கேயே குடியிருக்கும் உரிமையையும் வைத்துக்கொண்டார்கள். 1980-களில் கெடில்ஸ்டனைக் காப்பாற்றியதில் பொது நிதிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நிதிக்கு வரி செலுத்தியவர்களில் ஜமைக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். 2020 அறிக்கைக்கு எதிரான புகார்களை ஆராய்ந்த அறக்கட்டளை ஆணையம் 2021 மார்ச்சில், டிரஸ்ட் தன் நோக்கத்தை மீறவில்லை என்று முடிவு சொல்லிவிட்டது. இதற்குமேல் இந்த வாதத்தில் ஒன்றும் இல்லை.

6. மிகைப்படுத்தல் இல்லையா?

எதிர்த்தரப்பின் வாதங்களில் உயிருள்ளது இது ஒன்றுதான். 2020 அறிக்கை தடித்த தொடர்பையும் மெலிந்த தொடர்பையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்தது. அடிமைத் தோட்டத்தின் வருவாயில் எழுந்த வீடும், சர்ச்சில் காலனித்துறை அமைச்சராக இருந்தார் என்பதற்காகச் சேர்த்த சார்ட்வெல்லும், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் சகோதரர் கம்பெனிக் கப்பலின் கேப்டனாக இருந்தார் என்பதற்காகச் சேர்த்த வீடும் ஒரே தட்டில் வந்து நின்றன. படிக்கிறவருக்கு அளவு தெரியவில்லை. இந்தக் குறையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தக் குறையிலிருந்து எந்த முடிவுக்குப் போவது? அளவு சரியில்லை என்றால் இன்னும் நுணுக்கமாக அளக்க வேண்டும். எந்த வீட்டில் எவ்வளவு பணம், எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, யார் கைவழியாக வந்தது என்று கணக்கேடுகளைப் புரட்ட வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அடிமை உடைமையாளர்கள் பெற்ற இழப்பீட்டைப் பெயர் பெயராகத் தொகுத்து எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்தார்கள். கம்பெனிக் குடும்பங்களின் வீடுகளைப் பற்றியும் அங்கே தனியே ஆய்வு நடந்திருக்கிறது. அளவில் அக்கறை உள்ளவர்கள் இப்படிப்பட்ட வேலைக்கு மேலும் பணம் ஒதுக்கச் சொல்ல வேண்டும். அறிக்கையைத் திரும்பப் பெறு, விளக்கப் பலகையை எடு என்பவர்களுக்கு அளவில் அக்கறை இருப்பதாக நான் நம்பவில்லை. தராசு சற்றுப் பிழைபட்டதைச் சாக்காக வைத்துக் கடையையே மூடச் சொல்கிறார்கள்.

இந்தக் கருத்து வென்றால் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். வழிகாட்டிகள் வாயை மூடிக்கொள்வார்கள். ஆய்வாளர்கள் வேறு வேலைக்குப் போவார்கள். போவிஸில் புலித்தலை வெறும் தங்கப் பொம்மையாகவும், ஹால்டனில் லாரன்ஸ் பெயர் தெரியாத ரோமானியராகவும் மிஞ்சுவார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை இந்த மாளிகைகளுக்கு அழைத்துப் போய், பார்த்ததைப் பற்றி அவர்களையே எழுதவைத்த ஒரு திட்டம் நடந்தது. மேலே சொன்ன பேராசிரியர் ஃபவுலர் முன்னின்று நடத்தியது. கரீபியப் பிள்ளைகளும் தெற்காசியப் பிள்ளைகளும் அந்த மாளிகைகளில் தங்கள் முன்னோரின் சுவடுகளைக் கண்டு எழுதினார்கள். அடுத்து வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு சாத்தப்படும். இங்கிலாந்தின் கிராமப்புறம் தங்களுக்குரிய இடமில்லை என்று அவர்கள் கருதுவதற்கு வேறு காரணமே வேண்டியதில்லை.

அந்தப் பூங்காக்கள் அழகானவை. ஏரிகள், ஓக் மரங்கள், மாலை வெயிலில் மஞ்சளாகும் கல் எல்லாம் பார்க்க வேண்டியவை. போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், டீயும் குடியுங்கள். அந்த மாளிகைகளின் பெரும்பாலான அறைகளில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லத் தன்னார்வலர் ஒருவர் நிற்பார். பெரும்பாலும் வயதானவர், பொறுமையாகப் பேசுபவர், கேட்டால் மகிழ்பவர். இந்த வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது, இங்கே முன்பு இருந்த ஊர் எங்கே போனது என்ற இரண்டு கேள்விகளையும் மரியாதையாக அவரிடம் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் வருகையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வாருங்கள். மாளிகையை நடத்துபவர்கள் அந்தக் குறிப்பேட்டைப் படிக்கிறார்கள். இதுவரை அதில் புகார் எழுதியவர்கள் எதிர்த்தரப்பினர்தான்.